நாலாம் நம்பர் கோழி

எனக்குக் கோழிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. முட்டை கம்பெனியில் இத்தனை வருடம் கணக்கு எழுதியும் பண்ணைக்குள் ஒருதரம்கூடக் கால் வைத்ததில்லை. நாமக்கல்லில் இது அதிசயமில்லை. எங்களுக்கு முட்டை என்பது லாரியில் ஏறிப்போகும் ஓர் எண்ணிக்கை. நீங்களே முட்டை சாப்பிட மாட்டீர்கள், முதலாளி. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

நீங்கள் உட்காரச் சொன்னதால் நிதானமாகவே சொல்கிறேன்.

ஆடி மாதம், வேலை குறைவாக இருந்த ஒரு மத்தியானம், கம்ப்யூட்டரில் ஒரு விளம்பரம் வந்தது. திரையிலேயே ஒரு கோழி வளர்க்கலாம், இலவசம் என்றது. அமுக்கினேன். திரையின் இடது ஓரத்திலிருந்து ஒரு பழுப்புக் கோழி நடந்து வந்தது. வவுச்சர் எண்களை ஒவ்வொன்றாகக் கொத்திப் பார்த்தது. பிறகு மொத்தத் தொகைக்குக் கீழே போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. மௌஸை அருகில் கொண்டுபோனால் எழுந்து ஓடி வரும். என் மகள் பிரபா வேலைக்கென்று சென்னைக்குப் போன பிறகு, நான் கூப்பிட்டதும் வந்த முதல் உயிர் அதுதான். என் வீட்டுக்காரரை இதில் சேர்க்கவில்லை. அவர் கூப்பிட்டால் "என்ன?" என்பார், எழுந்து வரமாட்டார்.

பெரியநாயகி என்று பெயர் வைத்தேன். உங்கள் பண்ணைக் கோழிகள் கூண்டுக்குள் திரும்பக்கூட முடியாமல் நிற்கின்றன என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். நான் ஒரு நல்ல காரியம் செய்வதாகத்தான் நினைத்தேன்.

அதன் பிறகுதான் உங்கள் பெயரில் கேரள வியாபாரிகளுக்கு மெயில்கள் போயின. முடி வளரும் தைலம் வாங்கச் சொல்லும் மெயில்கள். உங்கள் தலையைப் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். நீங்கள் வருத்தப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

சேலத்திலிருந்து மணிமாறன் வந்தார். நம் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை. ஆபீஸிலிருந்து ஏதோ ஒன்று நெட்டில் உள்ள ஒரு கெட்ட முகவரிக்கு ஓயாமல் வழி விசாரிப்பதாக எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது என்றார். டீ கொடுத்தேன். டீ கொடுத்தால் எதையும் சொல்லிவிடுவார்.

"இங்க எந்தக் கம்ப்யூட்டரும் நேரா வெளிய வழி கேக்காதுங்க்கா. சர்வர்கிட்டக் கேக்கும். சர்வர் போய் விசாரிச்சுட்டு வந்து சொல்லும். அதனால பழி பூரா சர்வர் மேல உளுகுது. அது பாவம், வெறும் போஸ்ட்மேனுங்க."

"அப்பறம் ஆருன்னு எப்படிங்க சாமி கண்டுபுடிப்பீங்க?"

"பொய் வழி சொல்லப் போறேனுங்க. அந்தப் பேரக் கேட்டா, நான் வெச்சிருக்கற ஒரு காலி ஊட்டக் காட்டிரும். எது அங்க வந்து கதவத் தட்டுதோ, அதுதானுங்க நோவு புடிச்சது. நம்பரோட மாட்டிக்கும். ஆயுத பூசை முடியட்டும், வந்து பாக்கறேன்."

ஓயாமல் வழி விசாரிப்பது என் பெரியநாயகிதான் என்று புரிந்துவிட்டது. நான் மல்லசமுத்திரத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதில் தினமும் பஸ் நேரம் விசாரித்துக்கொண்டிருந்தேன். அவளும் பிறந்த வீட்டுக்கு வழி கேட்கிறாள். அதற்குப் போய்ப் பொறி வைப்பதா?

பூஜைக்குக் கம்ப்யூட்டர்களைத் துடைத்துப் பொட்டு வைப்பது எப்போதும் என் வேலை. ஈரத்துணி பட்டு, மணிமாறன் ஒட்டிவைத்த நம்பர் ஸ்டிக்கர்கள் கழன்றுவிடும். பசை தடவித் திரும்ப ஒட்டுவேன். இந்த வருடமும் ஒட்டினேன். என்னுடைய நாலாம் நம்பர், பக்கத்து மேஜையில் பில் போடும் தனசேகரின் பெட்டியில் போய் ஒட்டிக்கொண்டது. அவனுடைய ஆறு என் பெட்டிக்கு வந்தது. மேலே தாராளமாகச் சந்தனம் வைத்தேன். கைதான் செய்தது. நான் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பொறியில் நாலாம் நம்பர் சிக்கியது. மணிமாறன் ஸ்டிக்கரைப் பார்த்துத் தனசேகரின் கம்ப்யூட்டரைச் சுத்தமாக அழித்தார். மறுநாளும் அதே நாலு. மறுபடி அழித்தார். மறுபடியும் நாலு. எல்லோர் முன்னாலும் நீங்கள் அவனைக் கேட்டீர்கள்.

"சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலீங்க மொதலாளி."

"பின்ன ஆருப்பா பண்ணுனா? கோழி வந்து பண்ணுச்சா?"

நான் குனிந்து வவுச்சர்களைச் சரிபார்த்தேன். பெரியநாயகி தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவனைச் சேந்தமங்கலம் பண்ணைக்கு முட்டை பொறுக்க அனுப்பினீர்கள். அவனுக்குக் கோழி இறகு ஆகாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும். நேற்று போன் செய்தான். பாதி தும்மல்தான் கேட்டது.

"அக்கா, மொகமெல்லாம் பன்னு மாதிரி வீங்கிக் கெடக்குதுங்க. வேலையவுட்டே நிறுத்தப் போறாங்கன்னு பேசிக்கறாங்களே, நெசமுங்களா? ஊட்ல அவ வேற முழுகாம இருக்கறா."

"ஆவி புடிங்க சாமி, செரியாப் போயிரும்" என்றேன்.

ஏன் தனசேகர் என்று கேட்கிறீர்கள். கை செய்தது என்று சொன்னேன் அல்லவா, அது முழு உண்மையில்லை. ஒருநாள் அவன் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னுங்க்கா, சிக்ஸ்டி ஃபைவ் தானா நடந்து போகுது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பெரியநாயகி நின்றுவிட்டாள். அவளுக்குக் காது கேட்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்தக் கோழிக்கும் எச்சரிக்கைக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று அவனுக்கு இன்றுவரை தோன்றவில்லை. வெகுளி.

அவன் போன பிறகும் எச்சரிக்கை நிற்கவில்லை. பண்ணையிலிருந்தே செய்கிறான் என்று முடிவு கட்டி, இன்று சாயங்காலம் அவனை வேலையைவிட்டு நிறுத்தப் போவதாகச் சொன்னீர்கள். கூடவே, ஆபீஸிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களையும் மணிமாறன் அழித்துவிடுவார் என்றும் சொன்னீர்கள். அதைக் கேட்டதும் என் மனசாட்சி விழித்துக்கொண்டது. ஒரு பாவமும் அறியாதவர் தண்டனை அனுபவிப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. அதனால்தான் நானே உங்கள் அறைக்கு வந்தேன். ஸ்டிக்கரை மாற்றியவள் நான். கோழியை ஏற்றியவள் நான். தைலமும் என்னால்தான்.

மணிமாறனிடம் சொல்லி என் கம்ப்யூட்டரின் நெட் வயரை மட்டும் பிடுங்கச் சொல்லுங்கள், போதும். மெயிலும் போகாது, எச்சரிக்கையும் வராது, அவளும் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பாள். தனசேகர் விஷயத்தில் அவசரமில்லை, உங்கள் சௌகரியம்போலச் செய்யுங்கள்.