நண்டு காத்திருந்த இரண்டு நாள்

எனக்கு மேல்வரிசையில் இரண்டு பற்கள்தான் மிச்சம் ஐயா, ஆனாலும் நண்டுக்கால் உறிஞ்சுவதில் ஊரில் என்னை வெல்ல ஆளில்லை. நீங்கள் விசாரிக்க வந்தது வேறு என்று தெரியும். அதற்குத்தான் வருகிறேன்.

ஊரில் என் பெயர் புளுகர் மாமா. முதலையொன்று என் தோணியில் ஏறி ஏறாவூர் வரை வந்து, இறங்கும்போது வெற்றிலை கேட்டதாக நான் சொன்ன கதை காத்தான்குடிச் சந்தை வரை போனது. இது அந்த வகையில் சேராது.

வாவியில் யார் யாரைத் தின்பது என்பதில் குழப்பமே இல்லை. மணலை மீன் பாசி தின்னும். அதை நான் சைவ மீன் என்பேன். றாலைக் கொடுவா மீன் தின்னும். கொடுவாவை முதலையும் நானும் தின்போம். நண்டுதான் பொறுமைசாலி. செத்ததற்காகக் காத்திருக்கும்.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் எங்கள் ஊர் மீன் தின்பதை விட்டது. காரணத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு விடியற்காலை என் நண்டுக்கூட்டுக் கம்பருகே அழகரத்தினம் கிடந்தான். இரண்டு வீடு தள்ளி இருப்பவன். முதல்நாள் சுற்றிவளைப்பில் இராணுவம் கொண்டுபோனது. தொடையில் வெடிக்காயம். ஒரு கை கம்பைச் சுற்றியிருந்தது.

கரைக்குக் கொண்டுபோனால் சென்றிக் காவலில் என்னைக் கேட்பார்கள். விட்டால் ஊர்த்துறையில் ஒதுங்குவான். மறுபடி சுற்றிவளைப்பு வரும். என் துடுப்புச் சத்தத்துக்கே நான் திடுக்கிட்ட காலம் அது. கண்டல் மரங்களின் மறைவில், கம்போடு சேர்த்துக் கட்டினேன். ஊருக்காகத்தான்.

இரண்டு நாள் ஒரு நண்டும் வரவில்லை. மூன்றாம் நாள் கூடு கொள்ளவில்லை.

கொழும்புக்கு நண்டு அனுப்பும் முத்தலிப் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன இரை போடுறீங்க அண்ணன்?"

கோழிக்குடல் என்றேன்.

"ஊருல கோழியே இல்லையே" என்று சிரித்தார். மறுகா இன்னொரு தரம் அவர் கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்.

அழகரத்தினத்தின் பெண்சாதி சீதேவிப்பிள்ளை தினமும் துறைக்கு வந்தாள்.

"ஊருக்கெல்லாம் புளுகுங்க மாமா. எனக்கிட்ட மட்டும் வேணாம். அவரக் கண்டீங்களா?"

கல்குடாவில் கண்டேன் என்றேன். தாடி வளர்த்திருக்கிறான் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"மெலிஞ்சிட்டாரா?"

"கொஞ்சம்."

அதில் பொய் இல்லை.

அவளுக்கு ஒருநாளும் நான் நண்டு கொடுத்ததில்லை. இதைக் கட்டாயம் எழுதுங்கள். தினமும் இரண்டு மணலை, காசு வாங்காமல். மணலை சைவம் என்று முன்னமே சொன்னேன். வாங்கும்போது ஒவ்வொரு நாளும் என்னைக் கும்பிட்டாள். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

பயம் இன்னும் போகவில்லை ஐயா. ஓலைக்கூடையில் நண்டு சுரண்டினால் எழும்பி உட்கார்ந்துவிடுகிறேன்.

மேசையில் நீங்கள் வைத்திருக்கும் கயிறு என்னுடையதுதான். முடிச்சும் என்னுடையது, இந்தப் பக்கத்தில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை. அதைப் போடும்போது பிணம், "மாமா, இறுக்காதீங்க" என்றது.

பிணம் பேசியது என்றால் யார் நம்புவார்கள், அதுவும் நான் சொன்னால்? அதனால்தான் ஐயா, அன்றைக்கு நானும் நம்பவில்லை.