மயக்கவாயுவுக்கு வழி தேடியவர்: மருத்துவர் அங்கப்பன் அவர்களுக்கு அறுவை அரங்கத்தார் மடல்

அச்சத்தோடு வருவோரை அன்போடு உறங்கவைத்து, அலுங்காமல் எழுப்பித் தரும் அண்ணலே! கோபிசெட்டிபாளையம் கொடுத்த கொடையே! கத்தி பிடித்தோருக்குக் கைதட்டல் போக, கத்திக்கு முன்னும் பின்னும் காவலிருந்த கண்ணியரே! மயக்கவியல் மருத்துவர் அங்கப்பன் அவர்களே! நீங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில் வணங்கி நிற்கிறோம்.

இதற்கு மேல் நேருக்கு நேர் புகழ்ந்தால், மருத்துவர் செருப்பை மாட்டிக்கொண்டு சிங்காநல்லூர் பஸ் நிலையத்துக்கு நடையைக் கட்டிவிடுவார். ஆகவே அவரைப் பற்றி அவைக்குச் சொல்கிறோம். அவர் காதில் விழாததுபோல் அமர்ந்திருக்கட்டும்.

கால் நூற்றாண்டுக்கும் மேலாக இம்மருத்துவமனையில் நோயாளியின் தலைமாட்டில் முக்காலி போட்டு அமர்ந்தவர் அவர். பொறுமை அவருக்குப் பிறவிக்குணம், பேச்சு அவருக்குப் பெருஞ்செலவு. டீயில் மட்டும் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும்.

அறுவை அரங்கில் நண்பகலுக்குள் எங்கள் எல்லோருக்கும் தலை கனத்துவிடும். வேலைக் களைப்பு என்று நினைத்து டீ குடிப்போம். அவர் அப்படி நினைக்கவில்லை. நோயாளிக்குக் கொடுக்கும் மயக்கவாயுவில் பெரும்பகுதி அந்நோயாளியின் மூச்சோடு வெளியேறி, மூடிய அறைக்குள்ளேயே சுற்றுகிறது. அதைத்தான் நாமும் சுவாசிக்கிறோம் என்றார். அரங்கில் வேலை செய்யும் செவிலியருக்குக் கரு தங்குவதில் சிக்கல் வரலாம் என்று வெளிநாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் படித்திருந்தார். உறுதியாக நிரூபிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்.

எங்கள் செவிலியர் ரம்லாவுக்கு அதற்கு முன் இரண்டு முறை கரு கலைந்திருந்தது. மூன்றாவதாக உண்டாகியிருந்த நேரம் அது. அந்தப் பெண் ஒவ்வொரு நாளும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் வேலைக்கு வந்தார். நிரூபணம் வரும்வரை காத்திருக்க மருத்துவருக்கு மனமில்லை.

அடுத்த திங்கட்கிழமை தம் தோட்டத்திலிருந்து தண்ணீர் பாய்ச்சும் கறுப்பு ஓஸைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். புதிதாகச் சேர்ந்த வாயிற்காவலர் அவரை மோட்டார் ரிப்பேர்காரர் என்று நினைத்துப் பின்வாசலைக் காட்டினார். மயக்க இயந்திரத்தின் கழிவுவாயிலில் ஓஸைப் பொருத்தி, மறுமுனையைப் பின்பக்கச் சன்னல் வழியே வெளியே விட்டார். அன்று நண்பகலில் எங்களில் ஒருவருக்கும் தலை கனக்கவில்லை. பெருமை தாங்காமல் அந்த ஓஸுக்குச் சந்தனப்பொட்டு வைத்தோம்.

அந்தச் சன்னலுக்குக் கீழேதான் சலவைத் தொழிலாளி பாவாத்தாள் நிழலுக்கு உட்கார்ந்து, அரங்கின் பச்சைத் துணிகளை மடித்து அடுக்குவார். படித்த எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் அது நினைவில் வரவில்லை. சில வாரம் கழித்துத் துணி எடுக்கப் போன ரம்லா, பாவாத்தாள் தூணில் சாய்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பதைக் கண்டார். கொஞ்ச நாளாகவே தலை கிறுகிறுக்கிறது, இனிப்பாக ஏதோ வாடை வருகிறது என்றாராம் அந்த அம்மாள். ரம்லா நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேலே கறுப்பு ஓஸ்.

நேரே மருத்துவரிடம் வந்து நின்றார். "எனக்காக வெச்ச ஓஸுங்க சார். அது அந்தக்கா தலமேல ஊதிக்கிட்டிருக்குதுங்க. கழட்டிப்போடுங்க. நா வெளி வார்டுக்குப் போயிக்கறேன்."

மருத்துவரின் முகம் செத்துப்போயிற்று. "எங்கூர்ல கழிவுத்தண்ணிய அடுத்தவன் காட்டுக்குத் திருப்பி உட்டா பஞ்சாயத்து வெச்சுப்போடுவாங்க, அம்மணி. நா அதத்தான் செஞ்சிருக்கறேன். நீ போனாலும் அந்த எடத்துல இன்னொரு பொண்ணு வந்து நிக்குமே?"

அன்றே ஓஸ் இறங்கியது. பாவாத்தாளிடம் தாமே போய், தவறு தம்முடையது என்று சொன்னார். ரம்லாவைப் பிரசவம்வரை வெளிநோயாளர் பிரிவுக்கு அனுப்பிவைத்தார். கூரைக்கு மேலே போகும்படி இரும்புக் குழாய் ஏற்றினார். அதோடு நிம்மதியாக இருந்திருக்கலாம், ஆனால் அவரால் முடியவில்லை. கூரைக்கு மேலே போவதும் எங்கேயோதான் போய்ச் சேர்கிறது. ஓசோன் படலத்தைப் பற்றிச் செய்தித்தாள்களில் வந்துகொண்டிருந்த காலம் அது. அப்படலத்தைத் தின்பவற்றில் நம் வாயுக்களும் உண்டென்று அவர் அறிவார். எங்கே விடுவது என்று கேட்டுக்கொண்டிருந்தவர், எதற்கு இவ்வளவு என்று கேட்கத் தொடங்கினார்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தால் போதும் என்ற இடங்களில் வாயுவையே தவிர்த்தார். மற்ற நோயாளிகளுக்கு, வெளிவிடும் மூச்சைச் சுண்ணாம்புக் குருணை நிறைந்த குடுவை வழியே கரியமில வாயு நீக்கிச் சுத்தம் செய்து, அதே வாயுவைத் திரும்பக் கொடுக்கும் முறையைக் கொண்டுவர முனைந்தார். தலைமை அறுவை மருத்துவர் அப்துல் முத்தலிப் ஒரேயடியாக மறுத்தார். "படுத்திருக்கறவருக்கு ஆக்சிஜன் கொறஞ்சா யாருங்க பதில் சொல்றது?"

அந்தக் கேள்வி நியாயமானது என்று மருத்துவர் ஒப்புக்கொண்டார். நோயாளியின் விரலில் மாட்டி ஆக்சிஜனை அளக்கும் கருவி வந்துசேரும்வரை அந்த முறையைத் தொடவே இல்லை. வந்த பிறகு, முதல் நாள் முழுதும் முத்தலிப் அவர்களும் கருவியை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிற்பாடு அவரே மதுக்கரையிலிருந்து வந்த மருத்துவர்களுக்கு, ஏதோ தாமே கண்டுபிடித்ததுபோல் விளக்கினார். அங்கப்பன் அவர்கள் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

ரம்லாவுக்குப் பெண் பிறந்தது. இஃப்ரா என்று பெயர் வைத்தார்கள். மருத்துவர் எடுத்த முயற்சியால்தான் கரு தங்கியது என்று நாங்கள் மிட்டாய் கொடுத்தபோது அவர் கோபித்துக்கொண்டார். அது நமக்குத் தெரியாது, தெரியாததைச் சொல்லக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். இம்மடலிலும் அதை எழுதக்கூடாது என்பது அவர் கட்டளை. எழுதவில்லை. ரம்லா மீண்டும் அதே அரங்குக்கு வேலைக்கு வந்தார் என்பதை மட்டும் எழுதுகிறோம்.

இம்மடலில் எதை எழுதலாம் என்று கூடிப் பேசிய அன்று, எல்லோரும் சொல்லி முடித்த பின் ரம்லா கேட்டார்: "நாமெல்லாம் தள்ளி நின்னோம். அந்த மெசினுக்குப் பக்கத்துலயே இத்தன வருசமா உக்காந்திருந்தது யாருங்க?"

எல்லோரும் அந்த முக்காலியை நினைத்துக்கொண்டோம்.

மருத்துவர் அவர்களே, எங்கள் ஒவ்வொருவரிடமும் தலை கனக்கிறதா என்று கேட்டீர்கள். பாவாத்தாளிடமும் நாள்தோறும் கேட்டீர்கள். உங்கள் தலையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இனி அந்த முக்காலிக்கு நீங்கள் வர வேண்டாம். கோபிசெட்டிபாளையத்து நெல்வயல் வரப்பில் காலையும் மாலையும் நடந்து, கலப்பில்லாத காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, நோயறியாமல் நூறாண்டு மூச்சுவிடுங்கள் ஐயா! அதுவே எங்கள் ஆசை.

அன்பும் நன்றியும் மாறாத,
அறுவை அரங்கப் பணியாளர்களும் சலவைப் பிரிவினரும்,
சிங்காநல்லூர், 1997.