அரைகுறைக் கணக்கு

சிரிக்காதீங்க லா மிஸ்டர் வாசு. பொண்ணு பாக்க வந்தவரு, என்ன வேலை செய்றேன்னு கேட்டீங்க, சொல்றேன். ஹால்ல ரெண்டு வீட்டு ஆளுங்களும் காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. நீங்க உள்ள போனதும் சரியா இல்லையான்னு கேப்பாங்க. அதுவரைக்கும் இந்தப் பின்கட்டு நம்மளுதுதான்.

டைப்பிஸ்டா? ஐயோ, அம்மா அப்படியா சொன்னாங்க! அவங்களுக்குக் கம்ப்யூட்டர்னா தட்டுறது மட்டும்தான். நான் இஞ்சினியர் ஆபீஸ்ல கணக்கு போடுறேன். உங்க ஊரு கிள்ளான்ல ஆத்தோரம் கரை கட்டுறாங்கல்ல, அதுக்கு அடியில தண்ணி எப்படிக் கசியும்னு பாக்கணும். மண்ண வலை மாதிரி கட்டம் கட்டமா பிரிச்சுக்குவோம். ஒவ்வொரு முடிச்சுலயும் தண்ணியோட அழுத்தம் பக்கத்து முடிச்சுங்களப் பொறுத்தது. ஆயிரக்கணக்குல சமன்பாடு, எல்லாம் ஒன்னுக்குள்ள ஒன்னு மாட்டிக்கிட்டு. நம்ம சொந்தக்காரங்க மாதிரிதான்.

அதனால கம்ப்யூட்டரு முதல்ல குத்துமதிப்பா ஒரு விடை வைக்கும். எவ்வளவு தப்புன்னு பாக்கும், திருத்தும். மறுபடி பாக்கும், திருத்தும். ஆனா உங்க ஊரு மண்ணு இருக்கே, மணலுக்குப் பக்கத்துலயே களிமண்ணு. ஒன்னுல தண்ணி ஓடும், ஒன்னுல நகரவே நகராது. காலையில ஓட விட்டா சாயங்காலம் வரைக்கும் சுத்துது, விடைகிட்டயே போகல. கிள்ளான் ஆளுங்களே இப்படித்தானா? சரி சரி, கோவிக்காதீங்க.

எங்க பாஸ் ரெங்கசாமி, புது மெஷின் வாங்கலாம்னாரு. நான் வேணாம்னுட்டேன். ஒரேயடியா விடை கண்டுபிடிக்கலாம்னு அந்தச் சமன்பாடுங்கள முழுசா பிரிச்சா புதுசு புதுசா எண்ணு மொளைச்சு மெமரி தாங்காது. மொளைக்கிறத எல்லாம் கிள்ளிப் போட்டுட்டு அரைகுறையா பிரிச்சு வச்சேன். அத வச்சு வர விடை தப்புதான், ஆனா நெசத்துக்குப் பக்கத்துல இருக்கும், சட்டுன்னும் வந்துடும். ஒவ்வொரு சுத்துலயும் தப்ப அது வழியா அனுப்பித் திருத்தினா, டீ குடிச்சிட்டு வரதுக்குள்ள வேலை முடிஞ்சிடுது. ப்ரீகண்டிஷனிங்னு பேரு. அரைகுறை வேலைன்னு ரெங்கசாமிக்கு மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே!

ஏமாத்து வேலையா? இல்லீங்க. கடைசியா வந்த விடைய அசல் சமன்பாட்டுலயே போட்டு சரிபாக்கணும். அத விட்டாதான் ஏமாத்து.

இருங்க, ரயிலு போகட்டும். பிரிக்பீல்ட்ஸ்ல தண்டவாளத்துப் பக்கத்துல குடியிருந்தா இது ஒரு தொல்லை.

ம். அம்மா உங்க வீட்டுல சொன்னதும் அந்த மாதிரி அரைகுறைதான். பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகலன்னு. தாலி ஏறல, நெசந்தான். ஆனா எண்பத்தேழுல ரெஜிஸ்டர் பண்ணியாச்சு, ஈப்போ மாப்பிள்ளையோட. நம்ம வழக்கம்தான் தெரியுமே, முதல்ல ரெஜிஸ்டர், பிறகு நல்ல நாள் பாத்துக் கோயில்ல. அந்த நல்ல நாளு வரதுக்குள்ள அவரு ஆஸ்திரேலியாவுக்குப் போயி அங்கயே வேற ஒருத்தியோட இருந்துட்டாரு. கோர்ட்டுக்குப் போயிதான் வெட்டி விட்டேன். ஒரு நாள்கூட ஒரே வீட்டுல இருந்ததில்ல, ஆனா சட்டத்துக்கு நான் டிவோர்ஸ் ஆனவ. மூச்சு விடாதன்னு அம்மா சத்தியம் வாங்காத குறை. எனக்கு உங்களப் புடிச்சிருக்கு, அதான் மறைக்க முடியல.

அம்மா கூப்புடுறாங்க, கேக்குதா? நீங்க முன்னால போங்க. போயி உங்க பதிலச் சொல்லிடுங்க, நான் ஒன்னும் நெனைச்சுக்க மாட்டேன்.

என்ன லா, போகச் சொன்னா உக்காந்துட்டீங்க?