விடுபட்ட மீன்

2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 18ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 7.10க்குப் பொலிஸ் நிலையத்தில் பதிவு செய்யப்பட்ட வாக்குமூலம்.

பெயர்: பஸ்ரியன் எமிலியானுஸ். வயது: 54. முகவரி: 8ஆம் வட்டாரம், பேசாலை, மன்னார். தொழில்: கடற்றொழில், கடலுக்குப் போக முடியாத நாட்களில் முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தல் செய்தல்.

நான் மேற்படி முகவரியில் மனைவி பிரான்சிஸ்காவுடன் வசிக்கிறேன். பூசைக்குப் போக வேண்டிய நேரத்தில் இங்கே இருக்கிறேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வருடங்களாக இந்த ஊரின் செத்தவீடு, திருவிழா, காணாமற்போன ஆடு எல்லாம் என் வாயால்தான் அறிவிக்கப்படுகின்றன. இதுவரை என்மேல் ஒரு முறைப்பாடும் இல்லை.

கடந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் நான்கு மணியளவில் எங்கள் கிராம அலுவலர் ஒரு துண்டுக் கடதாசியைத் தந்து, அதை ஊர் முழுக்க அறிவிக்கச் சொல்லிவிட்டு அவசரமாகப் போய்விட்டார். அதில், ‘பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட அனைவரும் ரின் பெற்றுக்கொள்வது கட்டாயமாகும். அடையாள அட்டையுடன் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பொதுநோக்கு மண்டபத்துக்கு வரவும்’ என்று இருந்தது. வசனம் பாதியில் நிற்பதுபோல் எனக்குப் பட்டது. 1990இல் மடு அகதி முகாமில் இருந்தபோது எங்களுக்கு நிவாரணமாக வந்தது தகரத்தில் அடைத்த ரின் மீன். ஆகவே அரசாங்கமும் ரின்னும் ஒரே வரியில் வந்தால் எனக்கு வேறொன்றும் தோன்றாது. எழுதியவர் அவசரத்தில் ஒரு சொல்லை விட்டுவிட்டார் என்று நினைத்து, ‘ரின் மீன்’ என்று திருத்தி அறிவித்தேன். ‘பை கொண்டுவரவும்’ என்பதும் நான் சேர்த்தது. அது மக்களின் வசதிக்காக.

அதைக் கேட்ட என் மனைவி, “மீன் பிடிக்கிற சனத்துக்கு ரின் மீனோ?” என்று கேட்டாள். வாடைக் காற்றில் நாங்கள் கடலுக்குப் போக முடியாதது கொழும்புக்கும் தெரிந்திருக்கிறது என்று அவளுக்கு விளங்கப்படுத்தினேன்.

அதன் பின்னர் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் மண்டபத்துக்குப் போனபோது இருநூறு பேருக்கு மேல் பையும் கையுமாக நின்றார்கள். வரிக் கந்தோரிலிருந்து தம்பு ஐயா என்ற அலுவலரும் நசீறா என்ற உதவியாளரும் கணினியுடன் வாகனத்தில் வந்து இறங்கினார்கள். மற்ற ஊர்களில் ஏழெட்டுப் பேர்தான் வந்தார்களாம். தம்பு ஐயா கூட்டத்தைப் பார்த்து மனம் குளிர்ந்து, என் கையைப் பிடித்து, “சட்டத்தை மதிக்கிற சனமெண்டால் இதுதான்” என்றார். அந்த நேரம் எங்கள் அயலவர் செலீனா அக்கா முன்னுக்கு வந்து மீன் லொறி எங்கே என்று கேட்டார்.

அதன் பின்னர்தான் விடயம் வெளியானது. ரின் என்பது வருமான வரிக்காக ஆளுக்காள் கொடுக்கும் ஓர் இலக்கமாம். தம்பு ஐயா அதைச் சொன்னதும் சத்தம் எழுந்தது. அவர் ஓடிப்போய் வாகனத்துக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டார். ஒருவரும் அவர்மேல் கை வைக்கவில்லை. வாகனத்தைச் சுற்றி இருந்தார்கள், அவ்வளவுதான்.

அதன் பின்னர் நான் என் ஒலிபெருக்கியை நசீறாவிடம் கொடுத்தேன். அந்தப் பிள்ளை பதறாமல், “வருசம் பன்னிரண்டு இலட்சத்துக்கு மேலை வருமானம் இருந்தால்தான் வரி. நம்பர் எடுக்கிற எல்லாரும் வரி கட்டத் தேவையில்லை” என்றது. சனம் சிரித்தது. சிரித்துக்கொண்டே எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பி, ஐந்து வள்ளங்கள் வைத்திருக்கும் யோசேப் சம்மாட்டியைப் பார்த்தார்கள். ஒவ்வொரு சீதனப் பேச்சிலும் தன் வருமானத்தை உரத்துச் சொல்லும் அவர், அப்போது வாசற்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்.

அவர் எவ்வளவு வருமானம் எழுதுகிறார் என்று பார்க்கும் ஆவலில்தான் ஊரே வரிசையில் நின்றது என்பது என் கருத்து. ஒருவரின் வருமானத்தை மற்றவருக்குச் சொல்லக்கூடாது என்பது சட்டம் என்று நசீறா சொன்னபோது சனம் அன்று இரண்டாம் முறையாக ஏமாந்தது. என்றாலும் வரிசை கலையவில்லை. செலீனா அக்கா அடையாள அட்டையை நீட்டி, “முந்தி சண்டைக் காலத்திலை பேர் பதியிறதெண்டால் நெஞ்சு இடிக்கும், பிள்ளை. இப்ப பதிஞ்சால் ஒண்டும் தரமாட்டினம், ஒண்டும் எடுக்கமாட்டினம். இது எவ்வளவோ மேல்” என்றார். பின்னேரத்துக்குள் நூற்றுத் தொண்ணூற்றாறு பேர் பதிந்தார்கள். எனக்கும் ஓர் இலக்கம் உண்டு.

ஆனால் தம்பு ஐயா, நான் வேண்டுமென்றே மக்களைத் திசைதிருப்பினேன் என்று முறைப்பாடு செய்ததால் என் ஒலிபெருக்கி நேற்று மாலை முதல் இங்கே இருக்கிறது. வாடை ஓயும் வரை அதுதான் எங்கள் சோறு. நாளை முள்ளிக்குளத்தில் இதே பதிவு நடக்கவிருக்கிறது. போகும்போது நசீறா என்னிடம், “ஐயா, அங்கையும் நீங்கள்தான் அறிவிக்க வேணும்” என்று கேட்டது. ஆகவே ஒலிபெருக்கியை இன்றே விடுவித்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

‘மீன்’ என்ற சொல்லை வேண்டுமென்றே சேர்த்தேனா என்று கேட்கிறீர்கள். ஓம், வேண்டுமென்றுதான். அரசாங்கத்தின் பிழையைத் திருத்துகிறேன் என்று நினைத்தேன்.

இதில் உள்ளதெல்லாம் நான் கண்டதும் செய்ததும். எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இந்த முறை நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

(ஒப்பம்) ப. எமிலியானுஸ்