‘நெறைஞ்சிருக்கு’ என்று சொன்ன முப்பத்தெட்டு வீடுகள்

நாள்: 27.09.2025, சனிக்கிழமை, காலை 11.20 மணி. நிலைய எழுத்தர், தலைமைக் காவலர் காசிராஜன் முன்பாகக் கொடுத்த வாக்குமூலம்.

எனது பெயர் தங்கமாரி. வயது 36. கணவர் பெயர் காளீஸ்வரன். அருப்புக்கோட்டையில் பழைய நூல் கிடங்குக்குப் பின்னால் உள்ள தெருவில் வாடகை வீட்டில் குடியிருந்து வருகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். என் கணவர் லோடு வேன் ஓட்டுகிறார். என் மேல் இதற்கு முன் வழக்கு எதுவும் இல்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிப்பது இதுவே முதல் முறை. எனக்குப் பயமாக இருக்கிறது. கையெழுத்து கோணலாக விழுந்தால் அதுதான் காரணம்.

நான் பதினான்கு மாதங்களாக அருப்புக்கோட்டையில் உள்ள ‘இல்லம் நலம்’ அழைப்பு மையத்தில் ஒப்பந்த அடிப்படையில் சரிபார்ப்பாளராக வேலை பார்த்து வருகிறேன். தொடர்ந்து மருந்து சாப்பிட வேண்டியவர்களில், டவுன் ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாதவர்களுக்கு வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் அது. முன்பெல்லாம் மாதா மாதம் எல்லா வீட்டுக்கும் ஆள் போவார்கள். போனால் உண்டு, போகாவிட்டால் ஏன் என்று கேட்க நாதி கிடையாது. அதன் பிறகு செயற்கை நுண்ணறிவில் இயங்கும் ஒரு குரல் வந்தது. அதுவே போன் போட்டுத் தமிழில் பேசி, பதிலைத் தானே புரிந்துகொண்டு பதிவு செய்யும். மாத்திரை தீர்ந்துவிட்டது என்றாலோ, அழுகை, கூச்சல் கேட்டாலோ சிவப்பு வரி, இருக்கிறது என்றால் பச்சை வரி. சிவப்பு வரி விழுந்த வீட்டுக்கு மட்டும் ஆள் போவார்கள். அந்தக் குரலை நான் குறை சொல்ல வரவில்லை. கல்லூரணியில் எட்டு மாதம் அலைந்தும் சக்கர நாற்காலி கிடைக்காத ஒருவருக்கு, அது பேசிய நாலாம் நாள் நாற்காலி வந்து இறங்கியது. நானே அதைப் பத்துப் பேரிடம் பெருமையடித்திருக்கிறேன்.

ஒவ்வொரு அழைப்பின் ஒலிப்பதிவையும் கேட்டு, குரல் போட்ட வரி சரிதானா என்று பார்த்து டேப்லெட்டில் ‘சரி’ என்ற பொத்தானை அமுக்குவது என் வேலை. நாளொன்றுக்கு நானூறு வரிக்குக் குறையாமல் வரும். நானூறையும் கேட்பதென்றால் மறுநாள் விடிந்துவிடும். ஆகவே நானும் சரி, மற்றவர்களும் சரி, சிவப்பு வரிகளை மட்டும் கேட்போம். பச்சை வரிகளுக்கு ‘அனைத்தும் சரி’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை ஒரே அமுக்காக அமுக்கிவிடுவோம். மையத்தின் மேற்பார்வையாளர் முகேஷ் அவர்களுக்கும் இது தெரியும். ஆனால் அமுக்கியது நான்தான். அதை மறுக்கவில்லை.

கடந்த 12.09.2025 வெள்ளிக்கிழமை எனக்கு வந்த வரிகள் 412. அதில் பச்சை 380. மாலை ஐந்து மணிக்கு ‘அனைத்தும் சரி’ அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்தப் பச்சையில் எம்.ரெட்டியபட்டியைச் சேர்ந்த ஜக்கம்மாள், வயது 46, வலிப்பு நோய் என்ற வரியும் ஒன்று. அப்போது அது எனக்குத் தெரியாது.

அதன் பிறகு 23.09.2025 செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அதே ஜக்கம்மாள் எண்ணில் ஒரு சிவப்பு வரி வந்தது. பதிலுக்கான கட்டத்தில் ‘அழுகைக் குரல்’ என்று மட்டும் இருந்தது. ஒலிப்பதிவைக் கேட்டேன். போனை எடுத்தது அவர் தங்கை சந்தனம். மருந்து இருப்பு பற்றிக் குரல் விசாரித்ததும் அவர் சொன்னது: “எங்கக்கா நேத்து தண்ணித் தொட்டிகிட்ட விழுந்து மண்டை உடைஞ்சு பேச்சு மூச்சில்லாம கெடக்கு. மாத்திரை நெறைஞ்சிருக்குன்னு அன்னைக்கே தெளிவாச் சொல்லுச்சே, ஏன் ஒருத்தரும் வரல?” அதற்குக் குரல், “உங்களிடம் போதுமான மாத்திரை இருப்பதில் மிக்க மகிழ்ச்சி. வேறு ஏதேனும் உதவி தேவையா?” என்று கேட்டது. அதன் பிறகு அழுகைதான் இருந்தது. அதே எண்ணில் 12ஆம் தேதி விழுந்த வரியைத் தேடி எடுத்தேன், பச்சை, சரி பார்த்தவர் என்று என் பெயர் இருந்தது. எழுந்து பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

எழுத்தர் அவர்கள் விளக்கமாகச் சொல்லும்படி கேட்டதால் சொல்கிறேன். எங்கள் பக்கத்து வீடுகளில் அரிசியோ உப்போ தீர்ந்துபோனால் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டோம். இல்லை என்ற சொல் வீட்டுக்கு ஆகாது என்று ‘நெறைஞ்சிருக்கு’ என்போம். வெள்ளி, செவ்வாய் என்றால் கேட்கவே வேண்டாம். வலிப்புக்காரர் வீட்டில் உயிரைப் பிடித்து வைத்திருக்கும் மாத்திரையை வெள்ளிக்கிழமை காலையில் தீர்ந்துபோச்சு என்று எந்த வாய் சொல்லும்? கேட்பவர் யாராக இருந்தாலும் புரிந்துகொள்வார் என்றுதான் ஜக்கம்மாள் சொல்லியிருக்கிறார். தன் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள் என்று எழுத்தர் அவர்கள் சொன்னார், அதை எழுத வேண்டியதில்லை என்றும் சொன்னார். எழுதும்படி நான் கேட்டுக்கொண்டேன். மேற்படி 12ஆம் தேதி காலை வேனை எடுக்கப்போன என் கணவரிடம், “உப்பு நெறைஞ்சிருக்கு, வரும்போது வாங்கிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுத்தான் நானும் வேலைக்கு வந்தேன். ஒலிப்பதிவைக் கேட்டிருந்தால் எனக்கு ஒரு நொடியில் விளங்கியிருக்கும்.

23ஆம் தேதி அன்று மதியம் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜக்கம்மாளுக்கு நினைவு இல்லை. வலிப்பில் கை உதறும்போது மூக்கில் போட்ட குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். நான் யார் என்று சந்தனத்திடம் முழுதாகச் சொல்லவில்லை, ஆபீஸிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் உடனே மடியிலிருந்து ஒரு கட்டு எடுத்து என் கையில் கொடுத்தார். காலியான மாத்திரை அட்டைகள், ஒன்பது, ரப்பர் பேண்டு போட்டிருந்தது. ஆள் வரும்போது அட்டையைக் காட்டினால்தான் புது மாத்திரை தருவார்கள் என்று அக்கா எடுத்து வைத்திருந்ததாகச் சொன்னார். “இன்னைக்கு வருவாக, நாளைக்கு வருவாகன்னு பத்து நாளும் வேலைக்குப் போகாம வீட்டுலயே இருந்துச்சு” என்றார். நான் அந்தக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். நான்தான் அமுக்கினேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அதன் பிறகு 24ஆம் தேதி புதன்கிழமை மையத்தில் டேப்லெட்டில் ‘நெறை’ என்று எழுதித் தேடினேன். திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் அந்த மாதத்தில் மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லிப் பச்சை வரி விழுந்த வீடுகள், ஜக்கம்மாளையும் சேர்த்து, முப்பத்தெட்டு. சுகர், பிரஷர், இருதயம், வலிப்பு, எல்லாம் இருந்தன. முகேஷ் அவர்களிடம் காட்டினேன். அவர் வெளியூர்க்காரர், கெட்டவர் அல்ல. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, “அக்கா, பத்தொன்பதாயிரம் கால்ல முப்பத்தெட்டுதான். அதுலயும் நிஜமாவே ஸ்டாக் இருக்கிறவங்க இருப்பாங்க. மேல ரிப்போர்ட் போட்டுட்டேன், அடுத்த அப்டேட்ல சரி பண்ணிருவாங்க” என்றார். அது எப்போது என்று கேட்டேன். பதினைந்து நாளில் என்றார். அதுவரைக்கும் ஆள் அனுப்புங்கள் என்றேன். சிவப்பு வரி இல்லாமல் ஆள் அனுப்பத் தனக்கு அதிகாரம் இல்லை, சரி பார்த்து முடித்த வரியைத் திரும்பச் சிவப்பாக்க வழியும் இல்லை, திங்கட்கிழமை பெரிய அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள், இப்போது எதையும் கிளற வேண்டாம் என்றார்.

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. எந்த வீட்டில் யார் விழுந்து கிடக்கிறார்களோ என்ற நினைப்பு போகவே இல்லை. என் கணவரிடம் சொன்னேன். வேலை போனால் போகுது, ஜெயிலுக்குப் போகாமல் பார்த்துக்கொள் என்றார்.

அதன் பிறகு 25ஆம் தேதி வியாழக்கிழமை காலை மையத்துக்குப் போய், கையெழுத்துப் போட்டு, எனக்கு ஒதுக்கிய டேப்லெட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் திருச்சுழி பஸ் ஏறினேன். டேப்லெட்டை மையத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது எனக்குத் தெரியும். திருடும் எண்ணம் இல்லை. விவரங்களை யாருக்கும் விற்கவோ காட்டவோ இல்லை. பட்டியல் அதில்தான் இருந்தது, அதனால் எடுத்துப் போனேன். பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டிருக்கலாமே என்று எழுத்தர் அவர்கள் கேட்டார். பொருள் கையில் இருக்கிற தைரியத்தில் எழுதவில்லை. அது என் புத்திகெட்டதனம்.

25, 26 ஆகிய இரண்டு நாட்களில் ஷேர் ஆட்டோவிலும் நடந்தும் பதினான்கு வீடுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு வாசலிலும் கூப்பிட்டுவிட்டு, உள்ளேயிருந்து குரல் வரும்வரை எனக்கு உயிர் இல்லை. முதல் வீட்டில் ஒரு அம்மா டப்பாவைத் திறந்து காட்டிச் சிரித்தார், மாத்திரை வழிய வழிய இருந்தது. இப்படி ஐந்து வீட்டில் உண்மையிலேயே மாத்திரை இருந்தது. ஒன்பது வீட்டில் இல்லை. இரண்டும் ஒரே சொல்தான், நேரில் பார்க்காமல் பிரிக்க முடியாது. மண்டபசாலையில் பால்ச்சாமி என்பவர் சர்க்கரை வியாதிக்காரர், காலில் புண், ஈ மொய்த்தது. அவர் சொன்னது: “நெறைஞ்சு ஒம்பது நாளாச்சு தாயி. போன்ல பேசுன புள்ள ரொம்ப மகிழ்ச்சின்னுச்சு. என்னடா இது, மகிழ்ச்சிங்குதேன்னு நெனச்சேன். சரி, படிச்ச புள்ளைக அப்பிடித்தான் பேசும்னு விட்டுட்டேன்.” பரளச்சியில் ஒரு வீடு பூட்டியிருந்தது. தட்டிப் பார்த்து, கதவுச் சந்து வழியாகக் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒரு கட்டில் தெரிந்தது, அதில் போர்வை மூடி ஏதோ கிடந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, அந்த அம்மா ரேசன் கடையில் வரிசையில் நிற்பதாகச் சொன்னார். போர்வைக்குள் இருந்தது பழைய துணி. அந்த அம்மா வரும்வரை வாசலிலேயே இருந்து, டப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

நான் என் கையால் யாருக்கும் மருந்து கொடுக்கவில்லை. மருந்து இல்லாத வீடுகளைப் பற்றி அந்தப் பகுதி கிராமச் செவிலியர் தங்கலட்சுமி அவர்களுக்குப் போன் செய்தேன். அவர் ஸ்கூட்டரில் வந்து பார்த்து ஒன்பது பேருக்கும் மருந்து கொடுத்தார், பால்ச்சாமியை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவரை இந்த வழக்கில் இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு 26ஆம் தேதி மதியம் மூன்று மணிக்கு, பதினைந்தாவது வீட்டுக்குப் போக நான் பஸ்ஸுக்கு நின்றபோது, டேப்லெட் இருக்கும் இடத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்து முகேஷ் அவர்கள் கொடுத்த புகாரின்பேரில் இரண்டு காவலர்கள் வந்தார்கள். நான் ஓடவில்லை. டேப்லெட்டைக் கேட்டவுடன் கொடுத்துவிட்டேன். அதை என் கண் முன்னே உறையில் போட்டு அரக்கு சீல் வைத்தார்கள். இன்னும் இருபத்துமூன்று வீடு பாக்கி இருக்கிறது, பட்டியல் அதற்குள் இருக்கிறது என்று அப்போதே சொன்னேன். சீல் வைத்த பொருளைக் கோர்ட் உத்தரவு இல்லாமல் திறக்க முடியாது என்றார்கள். எழுத்தர் அவர்கள் இரக்கப்பட்டு இன்று காலை முகேஷ் அவர்களுக்குப் போன் செய்தார். என் கணக்கு முடக்கப்பட்டுவிட்டது, பட்டியல் கம்பெனியின் தலைமையிடத்தில் இருக்கிறது, எழுத்து மூலம் கேட்டால் திங்கட்கிழமைக்குப் பிறகு தருவார்கள் என்று அவர் பதில் சொன்னார்.

ஜக்கம்மாளுக்கு இன்று காலை வரை நினைவு திரும்பவில்லை என்று கேள்விப்பட்டேன். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் மேல் என்ன வழக்கு வரும் என்று கேட்டேன். எனக்குப் பயம்தான். ஆனால் அதைவிடப் பெரிய பயம் அந்த இருபத்துமூன்று வீடு. ஆகவே எனக்கு நினைவுள்ளவர்களைச் சொல்கிறேன், இந்த வாக்குமூலத்திலேயே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எம்.ரெட்டியபட்டி கோகிலாம்பாள், இருதயம். அதே ஊர் முத்துராஜ், வலிப்பு, இவர் வீட்டுக்கு முதலில் போக வேண்டும். கல்லூரணி அனுசியா, சுகர் ஊசி. தமிழ்ப்பாடி வேதநாயகம், பிரஷர். அவர்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், அந்தச் சொல் அவர்கள் வீட்டில் புழங்காது, உண்மையாகவே மாத்திரை இருக்கலாம், இருந்தாலும் பார்க்க வேண்டும். நரிக்குடி போகும் வழியில் வீரம்மாள், ஊர் பெயர் மறந்துவிட்டது. பரளச்சி சவுந்தரம், இருதயம். மண்டபசாலையில் புருசன் பெண்டாட்டி இரண்டு பேர், இருவருக்கும் சுகர், குடும்பப் பெயர் தெரியாது, தனித்தனி வரியாக இருந்தது. திருச்சுழியில் கண் தெரியாத ஒருவர். பரளச்சியில் மாவு மில்லை அடுத்த வீடு. கல்லூரணியில் சின்னப் பெண், வயது 19, வலிப்பு.

இது பதினொன்று. எவ்வளவு யோசித்தும் மற்றவை வரவில்லை.

நான் சொன்னதை எழுத்தர் அவர்கள் எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவைக்கவில்லை. பெயர்களை மட்டும் இரண்டாம் முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். பன்னிரண்டு பெயர் குறைகிறது. மற்றபடி இதில் உள்ளது அனைத்தும் நான் சொன்னதுதான், உண்மைதான்.

(ஒப்பம்) கா. தங்கமாரி