வீ இல்லாத வூடு

...அப்டியே கையக் கட்டிகினு நிக்கிறாருக்கா அந்த ஆளு! மவுஸத் தொடவே மாட்டேன்றாரு. நீ பெருக்கிகினே கேளு ரஹீமுன்னிசாக்கா, உன் ப்ரௌசிங் சென்டர்தான, யாரு கேக்கப் போறா? எந்த ஆளா? எக்ஸாமினருக்கா! வெளியூர்லேந்து வந்தவரு. எங்க பாலிடெக்னிக்ல இன்னிக்கி ப்ராஜக்ட் வைவா. நானும் என் தோஸ்து மாயாவும் மூணு மாசம் இங்கயே குந்திகினு ஒரு புதிர் கேம் பண்ணோமே... ப்ரௌசர்ல தொறந்தா ஒரு படம் வரும், கீழ எழுத்துங்க கலஞ்சி கெடக்கும், வரிசையா இழுத்து வெக்கணும்... அதான். காலேஜ் மிஷின்ல தமிழ் ஃபான்ட்டு கட்டங்கட்டமாத் தெரியிதுன்னு ஒவ்வொரு எழுத்தையும் பெயின்ட்ல படமா வரைஞ்சோம். கண்ணு பூத்துப் போச்சி!

மொத படமே வூடு. பக்கத்துல ஒரு முருங்க மரம்கூட கீது. அந்தாளு, "வீ எங்கம்மா? ஒரு எழுத்தக் காணோமே"ன்றாரு. இன்னாத்தக் காணோம்? வூ கீது, டு கீது, தோ கண்ணு முன்னாடியே கீது! அவரு வேற எதையோ இழுத்து வெச்சாரு. கேமு டொய்ங்ன்னு சத்தம் குடுத்து, "இன்னா சார், இதுகூடத் தெர்லியா?"ன்னு எழுதிக் காட்டுச்சி. அது... சும்மா ஜாலிக்கிப் போட்டதுக்கா. கிளாஸே சிரிச்சிடுச்சி. அவரு மூஞ்சி கருவாடாட்டம் சுருங்கிப் போச்சி, மவுஸ வுட்டுட்டுக் கையக் கட்டிகினாரு.

"வூடா? இது என்ன தமிழ்?"ன்றாரு. ஏன், நாங்க இன்னா வீட்லயா பொறந்தோம்? பொறந்ததுலேந்து வூட்லதான் கீறோம்! அப்டியே கேட்டுருப்பேன். மனசுக்குள்ளதான் கேட்டேன்.

அப்புறம்தான் பேஜாரு. "இத யாரு செஞ்சது? அவங்களுக்கு மட்டும் மார்க் கெடையாது"ன்னுட்டாரு. நா இன்னா பண்ணுவேன்? கை தானா மாயா பக்கம் போயிடுச்சி. அவளாச்சும், "நா இல்ல சார்"னு சொல்ல வேணாமா? வாய்ல இன்னா கொழுக்கட்டையா? இதுல பாஸானாத்தான் எண்ணூர் கம்பெனில அவள வேலக்கி எடுப்பாங்கோன்னு தெரியும்ல அவளுக்கு? என்னியே பாத்துகினு நின்னா. அந்தப் பார்வ இருக்கே... சீ! எல்லாம் அவளாலதான்.

இன்னாக்கா, தொடப்பத்த நிறுத்திட்ட?

நேத்து சாயங்காலமா? நேத்து நா இங்க... வந்தேன். தனியாதான். ரெண்டாவது மிஷின்ல. அதையும் பாத்துகினுதான் இருந்தியா நீ?

சரி. அவ ஒழுங்கா வீதான் வரைஞ்சிருந்தா. நாந்தான் அழிச்சிட்டு வூ வரைஞ்சேன். நம்ம ஜனம்தானக்கா ஆடப் போவுது? படத்தப் பாத்ததும் வாய்ல இன்னா வரும், சொல்லு? மாயா கிட்ட முன்னாடியே கேட்டேன், "வேணாம்டி செங்கொடி"ன்னா. அதான் அவளுக்குத் தெரியாம... நல்லதுக்குதான் பண்ணேன். ஆனா கை காட்டுனேன் பாரு, அது நல்லதுக்கு இல்ல. தூ, நானெல்லாம் ஒரு தோஸ்து!

எக்ஸாமினரு அஞ்சி மணி வரைக்கும் இருப்பாருன்னாங்கோ. மணி இன்னா? நாலே காலா? ஏய், இன்னாத்துக்குக்கா பூட்ட எடுக்கற? போறேன், போறேன், தள்ளாத... தேரடி ஸ்டாப்லேந்து பஸ்ஸு புடிச்சா காலேஜுக்குப் பத்து நிமிசம்.

அக்கா... நீயும் கூட வாக்கா. நா மட்டும் போனா, அவரு மொறச்சதும் மறுபடியும் அவ மேலயே சொல்லிடுவேன்.