முகம் தெரியாத முந்நூறு பிள்ளைகள்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் அதிபர் அவர்களே, அறிவூட்டும் ஆசான்களே, மருதமுனையிலிருந்தும் பெரியநீலாவணையிலிருந்தும் வெயில் பாராது வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளையைச் சுமந்த வயிற்றில் இன்று பரீட்சைப் பயத்தைச் சுமக்கும் தாய்மார்களே! அனைவர் மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். தமிழ்ச் சொந்தங்களுக்கு என் வணக்கம்.

பிரத்தியேக வகுப்பு எனும் டியூஷன் பிள்ளைக்கு உதவுமா, ஊறு செய்யுமா? இதைப் பேச, கல்முனையில் பதினாறு ஆண்டுகளாகக் கணித வகுப்பு நடத்தும் முனாப் என்ற என்னையா அழைத்தீர்கள்? சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் அச்சத்தோடுதான் நிற்கிறேன்.

உதவாது என்று சொல்லேன். பள்ளியில் கணித ஆசிரியரே இல்லாத ஆண்டில் என்னிடம் வந்த றிஸ்கான் இன்று பொறியியல் படிக்கிறான். அன்று என் வகுப்பில் இருபது பேர். ஒருவன் கண் கலங்கினாலும் எனக்குத் தெரியும். பிறகு இருபது முந்நூறானது. கையில் ஒலிவாங்கி வந்தது. கண்ணிலிருந்து பிள்ளைகள் மறைந்தார்கள்.

சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமை. பின்னேர வகுப்பு முடிந்தது, மழை. மகளைக் கூட்டிப்போகக் குடையோடு வந்திருந்தார் ஜுனைதா என்ற தாய். எல்லாப் பிள்ளைகளும் வெளியே வந்தார்கள். அவர் பிள்ளை வரவில்லை. கைத்தொலைபேசியில் ஒரு படத்தை நீட்டினார்.

"சேர், என்ட மகள் ஆதிலா. எங்க சேர்?"

பார்த்தேன். எட்டு மாதம் என் முன்னால் அமர்ந்த முகம். எனக்குத் தெரியவில்லை!

"எந்த வகுப்பு?" என்றேன்.

"உங்கட வகுப்புத்தான் சேர்!"

அருகில் நின்ற தோழி மெல்லச் சொன்னாள்: "ஆதிலா ரெண்டு கிழமையா வாறல்ல சேர்." இரண்டு வாரம்! நான் கவனிக்கவே இல்லை.

தாய் என் கையைப் பிடித்தார். "கடல் பக்கம் போயிருப்பாவோ?"

ஓடினோம். கடற்கரையில் தேடினோம், பஸ் நிலையத்தில் தேடினோம். அலையில் கறுப்பாய் எது மிதந்தாலும் அதை நோக்கி ஓடினேன். அப்போது அவள் படிக்கும் பள்ளியின் காவலாளி குணம் அண்ணனிடமிருந்து அழைப்பு.

"சேர், ஓடி வாங்க! மேல்மாடி வகுப்பில ஒரு புள்ள கிடக்கு!"

கிடக்கு! அந்த ஒரு சொல்லைக் கேட்டபின் நாங்கள் ஏறிய படிகளை எதிரிக்கும் இறைவன் தராதிருக்கட்டும்.

இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, புத்தகப்பையைத் தலைக்கு வைத்து, அந்தப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏன் மகள் இப்பிடிச் செஞ்ச?" என்றார் தாய்.

"விடியக் கிளாஸ், பின்னேரம் கிளாஸ், ராவைக்கும் கிளாஸ். ஊட்டுல நித்திர கொண்டா ஏசுவீங்க உம்மா. அதான் இஞ்ச வந்தன்."

தாய் அழுதார். நான் தலை குனிந்தேன்.

மறுவாரமே ஒலிவாங்கியை வைத்துவிட்டேன். வகுப்புக்கு முப்பது பேர், பெயர் கூப்பிடுவேன், வராத பிள்ளையின் வீட்டுக்கு உடனே அழைப்பேன். ஆதிலா மற்ற வகுப்புகளை விட்டு, கணிதத்துக்கு மட்டும் வந்தாள். பரீட்சையில் திறமைச் சித்தியோடு தேறினாள்.

பின்னால் இருந்து மூத்த சகோதரர், ஒரு காக்கா, கேட்கிறார், "அப்ப கிளாஸெல்லாம் மூடுறதா?" இல்லை காக்கா! தெரியாத பாடத்துக்கு அனுப்புங்கள். அயல்வீட்டுப் பிள்ளை போகிறதென்று அனுப்பாதீர்கள். பள்ளியிலேயே விளங்கியதை மூன்று இடத்தில் மீண்டும் கேட்கவைத்து முறிக்காதீர்கள்.

என் அச்சம் தீரவில்லை, பெரியோர்களே. அன்று ஒரு கதவைத் திறந்தோம், பிள்ளை மூச்சுவிட்டது. களைத்த பிள்ளைகள் எல்லாம் வகுப்பறையைத்தான் தேடிப் போவார்களா? நம் தெருக்கள் எல்லாம் கடலில் போய்த்தான் முடிகின்றன! இன்றே பிள்ளையை அருகில் இருத்திக் கேளுங்கள்: "உனக்கு ஏலுமா மகள்?" முடியாது, ஏலாது என்று சொன்னால், நம்புங்கள்!

என் குற்றத்தைச் சொல்ல மேடை தந்த அதிபருக்கும், ஏசாமல் கேட்ட உங்களுக்கும் நன்றி. உங்கள் பிள்ளைகளை அல்லாஹ் காப்பானாக. வஸ்ஸலாம், வணக்கம்.